கோழியைக் கோடியென்று வாசித்த பிள்ளை

எங்க சனத்துக்குப் படிப்பு வராது என்பதை ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விதமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். முதலில் படிக்கக் கூடாது என்றார்கள். பிறகு படிச்சு என்ன பண்ணப் போறே என்றார்கள். இப்போது அப்படிப் பேச முடியாது, சட்டம் இருக்கிறது. அதனால் 'மெல்லக் கற்கும் மாணவர்' என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். முதல் இரண்டையும் எதிர்த்துச் சண்டை போட நமக்குத் தெரிந்திருந்தது. இந்த மூன்றாவதில் சாதி என்ற சொல்லே இல்லை. சோதனை வைத்தோம், உங்க பிள்ளைக்கு எழுத்து தெரியலை, நாங்க என்ன செய்யட்டும் என்கிறார்கள். கூலிக்குப் போகிற அம்மா அதற்கு என்ன பதில் சொல்வாள்? 'நம்ம தலையெழுத்து' என்று திரும்பி வந்துவிடுகிறாள். அந்தப் பதிலை அவளுக்காக யாராவது சொல்ல வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் அருந்ததியர் பெண். கொங்குப் பக்கத்தில் ஒரு வளவில் பிறந்தவள். படித்தது எம்.ஏ. தமிழ். வீட்டில் பேசுவது தெலுங்கு. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பலபேர் முகம் மாறும். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பள்ளிக்கூடத்து அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்றாம் வகுப்புச் சுவரில் எழுத்து அட்டை தொங்கும். அ, அம்மா. ஆ, ஆடு. இ, இலை. ஈ, ஈ. படத்தைப் பார்த்துப் பிள்ளை பேரைச் சொல்லும், பேரின் முதல் ஒலியைப் பிடிக்கும், அந்த ஒலிதான் எழுத்து என்று புரிந்துகொள்ளும். அட்டை செய்தவரின் கணக்கு இது. கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தமிழ்ப் பேர் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். எங்க வளவுப் பிள்ளை ஆட்டுப் படத்தைப் பார்த்தால் 'மேக' என்று சொல்லும். எங்களுக்கு ஆடு என்றால் மேக. இலையைப் பார்த்தால் 'ஆக்கு' என்னும். அப்படியானால் ஆவன்னாவுக்கு நேரே மேக நிற்கிறது, இகரத்துக்கு நேரே ஆக்கு நிற்கிறது. அம்மா ஒருத்திதான் எந்த மொழியிலும் எங்களைக் கைவிடவில்லை. நான் ஒன்றாம் வகுப்பில் அந்த அட்டைக்கு முன்னால் வாய் திறக்காமல் நின்றதற்குக் காரணம் இதுதான். எழுத்து தெரியாமல் நிற்கவில்லை. எந்தப் பேரைச் சொன்னால் அடி விழாது என்று தெரியாமல் நின்றேன். எங்க டீச்சர் அதை மந்தம் என்று முடிவு செய்தார். மந்தமான பிள்ளை பின்வரிசைக்குப் போகும். பின்வரிசைப் பிள்ளைக்கு விளக்குமாறு கைக்கு வரும். வகுப்புக் கூட்டவும் தண்ணி எடுக்கவும் கக்கூசு கழுவவும் எங்களைத்தான் கூப்பிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கும் சத்தம் கக்கூசு வரைக்கும் கேட்கும்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை கைதானார். தலித் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்தார் என்பது வழக்கு. செய்தியை எல்லோரும் அவமானம் என்ற கோணத்தில் பேசினார்கள். அவமானம்தான். ஆனால் நான் இன்னொரு கணக்கும் போட்டேன். அந்தப் பிள்ளைகளிடமிருந்து எத்தனை மணி நேர வாசிப்பு திருடப்பட்டது? வாசிப்பு என்பது தினமும் செய்யச் செய்ய வருவது. திருடினவர்களே பின்னால் வந்து, இதுகளுக்கு வாசிக்க வரலை என்று அறிக்கை எழுதுகிறார்கள்.

தமிழ் எழுத்து எளிதானது, 247 எழுத்தைக் கற்றால் போதும் என்று மேடையில் பேசுவோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. வாசிக்கத் தெரிந்தவருக்கு எல்லாம் எளிதுதான். புதிதாக வருகிற பிள்ளையின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். 'கெ' என்பதில் எகரக் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் குறி. கு, சு, து, பு என்று எழுதிப் பாருங்கள், ஒரே உகரத்துக்கு எத்தனை வால். 1978இல் பெரியாரின் சீர்திருத்தத்தை அரசு ஏற்று ணை, லை, னை, றா போன்ற எழுத்துகளைச் சீர்படுத்தியதால் கொஞ்சம் பாரம் குறைந்தது. உகரம் அப்படியே இருக்கிறது. அடுத்து, ஒரே 'க' கல்லில் ஒரு ஒலி, தங்கத்தில் ஒரு ஒலி, அகலத்தில் ஒரு ஒலி. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குச் சொல் தெரிந்திருப்பதால் ஒலி தானாக வந்து உட்காரும். சொல்லே தெரியாத பிள்ளை எதை வைத்து முடிவு செய்யும்?

இதையெல்லாம் தெரிந்த ஒருவர் பள்ளியில் இருக்க வேண்டும். அமெரிக்கா போன்ற நாடுகளில் வாசிப்பு வல்லுநர் என்று பள்ளியிலேயே ஒரு பணியிடம் உண்டு. வகுப்பாசிரியர் நாற்பது பேருக்குப் பாடம் நடத்தும்போது, தடுமாறும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்த இடத்தில் தடுக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. எழுத்து தெரியவில்லையா, எழுத்து தெரிந்தும் சேர்த்துச் சொல்ல வரவில்லையா, சேர்த்துச் சொல்லியும் பொருள் புரியவில்லையா, எல்லாம் புரிந்தும் பயத்தில் வாய் வரவில்லையா? நாலுக்கும் நாலு வைத்தியம். நம்ம ஊரில் நாலுக்கும் ஒரே பேர், மக்கு.

வல்லுநர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவிலேயே ஒரு வழக்கு நடந்தது, நம்ம இயக்கக்காரர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு. மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் ஊரில் மார்ட்டின் லூதர் கிங் பேரிலேயே ஒரு தொடக்கப் பள்ளி. அங்கே படித்த ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்தி ஒதுக்கினார்கள். தாய்மார்கள் நீதிமன்றம் போனார்கள். 1979இல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்புச் சொன்னார். பிள்ளைகள் வீட்டில் பேசுகிற கறுப்பின ஆங்கிலத்தை ஆசிரியர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாததுதான் வாசிப்புக்குத் தடையாகிறது, அந்த மொழியைப் பற்றிய அறிவை ஆசிரியர்களுக்குக் கொடுத்து அதை வாசிப்புக் கற்பிக்கப் பயன்படுத்தத் திட்டம் போடுங்கள் என்று பள்ளி நிர்வாகத்துக்கு உத்தரவிட்டார். வல்லுநர்கள் இருந்த நாட்டில்தான் இந்தக் கூத்து நடந்தது. பிள்ளையின் மொழியை மதிக்காத வல்லுநர், படித்துப் பட்டம் வாங்கிய முத்திரைக்காரர், அவ்வளவுதான். 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் கறுப்பின மக்களிடமிருந்து பேரை எடுத்தார்கள். ஆன் ஆர்பர் தாய்மார்களிடமிருந்து இந்தக் கேள்வியையும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

நம் வரலாற்றிலும் இது புதிதில்லை. 1894இல் சென்னையில் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். அதன் பின்னால் அயோத்திதாசர் போன்றவர்களின் முயற்சி இருந்தது. அந்தப் பள்ளிகளில் குழந்தைகளை விளையாட்டு வழியாகப் பழக்கும் கிண்டர்கார்ட்டன் முறையைக் கொண்டு வந்து, பறையர் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கிறோம் என்று புத்தகமே எழுதினார்கள். ஊர்ப் பள்ளிகள் திண்ணையும் பிரம்புமாக இருந்த காலம் அது. நம் பிள்ளைகளுக்கென்று ஒருவர் உட்கார்ந்து யோசித்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அது சாட்சி.

எங்க அம்மாவுக்கு எழுத்து வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அறிவொளியில். தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கியது. புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் படிப்போடு சைக்கிளும் கற்றார்கள், அதை உலகமே பேசியது. எங்க வளவில் சைக்கிள் இல்லை. ஒன்பதாவது வரை படித்த ஒரு அக்கா இருந்தாள். தோட்டத்து வேலை முடிந்து, சோறாக்கி, பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டுத் தெருவிளக்கடியில் பத்துப் பதினஞ்சு பொம்பளைகள் உட்காருவார்கள். அந்த அக்கா தெலுங்கில் பேசித் தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தாள். 'இதி ப, இதி ல்.' பால் என்று எழுதி, 'மன பாலுதா' என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். எங்களுக்கு அது பாலு, தமிழில் பால், கடைசி உகரத்தை விழுங்கினால் தீர்ந்தது. எந்தப் பயிற்சி நிறுவனமும் அவளுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. நான் பார்த்த முதல் எழுத்தறிவு வல்லுநர் அவள்தான். அம்மா பேர் எழுதவும் பஸ் போர்டு படிக்கவும் கற்றாள். இயக்கம் முடிந்தது, படிக்கப் புத்தகமும் இல்லை, நேரமும் இல்லை. கொஞ்ச வருசத்தில் பலருக்குக் கையெழுத்து மட்டும் மிஞ்சியது. அந்த அக்காவை யாரும் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்கு வைக்கவில்லை.

நான் கல்லூரியில் தமிழ் படித்தபோது கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் பாடமாக வந்தது. 1856இல் வந்த நூல். திராவிட மொழிகளுக்கிடையே ஒலிகள் எப்படி மாறி நிற்கின்றன என்பதைத் தேர்வுக்காகப் படித்தோம். தமிழில் ழகரம் வருகிற இடத்தில் தெலுங்கில் பல நேரம் டகரம் வரும். ஏழு என்றால் ஏடு. கோழி என்றால் கோடி. வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்தார்கள். எனக்கு மட்டும் அது எங்க வீட்டுப் பேச்சு.

அது எனக்குப் பயன்பட்டது 2022 சனவரியில். கொரோனாவுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் முதல்வர் தொடங்கி வைத்தார். தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். மாநிலம் முழுக்கச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நான் ஆறு முதல் எட்டு வரைக்கான பிள்ளைகளை எடுத்துக்கொண்டேன். எங்க மாரியாத்தா கோயில் திண்ணையில் சாயங்காலம் வகுப்பு. பதினெட்டுப் பிள்ளைகள்.

அதில் ஒருத்தி ஏழாவது. பேர் வேண்டாம். தமிழ் வாசிக்கத் தெரியாது என்று பள்ளியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வெறும் எழுத்து இல்லை, அவள் அம்மாவைக் கூப்பிட்டு, 'இவளுக்குப் படிப்பு ஏறாதுங்கம்மா, டீசி வாங்கிட்டு மில்லுக்கு அனுப்புங்க, நாலு காசாவது வரும்' என்றும் சொல்லியிருந்தார்கள். மில் என்றால் எங்க பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பஞ்சு மில் விடுதியில் மூணு வருசம் அடைத்து வைத்து, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டுகிற சுமங்கலித் திட்டம். பேரை மாற்றி மாற்றி வைத்தாலும் வேனில் ஏறுவது நம்ம பிள்ளைகள்தான். ஏஜெண்டு ஏற்கெனவே வீட்டுக்கு வந்து போயிருந்தான்.

நான் ஒரு தாளில் 'கோழி முட்டை இட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் விரலை வைத்து, ரொம்ப நேரம் கழித்து, 'கோடி' என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். அடி வருமா என்று பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடக் குறிப்பில் 'ழ, ள, ட வேறுபாடு தெரியவில்லை' என்று இருந்தது. நான் தெலுங்கில் கேட்டேன், இதில் என்ன சொல்லியிருக்குது கண்ணு? அவள் பட்டென்று சொன்னாள், 'கோடி குட்டு பெட்டிந்தி.' கோழி முட்டை இட்டது. முழு வாக்கியம். முழுப் பொருள். ஏழு வருசமாக வாசிக்கத் தெரியாது என்று சொல்லப்பட்ட பிள்ளை வாசித்துப் பொருளும் சொல்லிவிட்டது, வேறு மொழியில். அவள் எழுத்தைத் தவறாகப் பார்க்கவில்லை. கோழியைக் கண்டதும் மனசு வீட்டுச் சொல்லை எடுத்துக் கொடுத்தது. எங்க தெலுங்கில் ழகரமே இல்லை, நாக்குக்கு அந்த இடம் பழக்கமில்லை. கால்டுவெல் எழுதினால் ஒப்பிலக்கணம், அந்தப் பிள்ளை சொன்னால் குறைபாடு!

பிறகு இரண்டு பட்டியல் போட்டோம். ஒன்றில் ஏறக்குறைய ஒத்துப்போகிற சொற்கள். பால் பாலு, கால் காலு, ஊர் ஊரு, முள் முள்ளு. இதை அவளே சொல்லச் சொல்ல எழுதினேன், அவளே படித்தாள். ஒரே வாரத்தில் அறுபது சொல்லுக்கு மேல் வந்துவிட்டது. மற்றதில் உருமாறுகிற சொற்கள், ஏழு ஏடு, கோழி கோடி. ழகரத்துக்கு நாக்கை எங்கே மடக்குவது என்று தொல்காப்பியர் பிறப்பியலில் சொன்னதையே கோயில் திண்ணையில் நாக்கை நீட்டிக் காட்டிப் பழகினோம். கேலியும் சிரிப்புமாக இருந்தது. மூன்றாவது கட்டம்தான் கஷ்டம். துளியும் ஒத்துப்போகாத சொற்கள், பேச்சில் வராத புத்தகச் சொற்கள். அதற்கு எட்டு மாசம் பிடித்தது. நடுவில் இரண்டு வாரம் அவள் வரவே இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் அவளே தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள். வந்தபோது பாதி மறந்திருந்தது. மறுபடியும் முதலிலிருந்து.

ஒருநாள் ஏஜெண்டு கொடுத்த நோட்டீசை அவளே அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். தட்டுத் தடுமாறித்தான். 'உணவு, தங்குமிடம் இலவசம்' என்று வந்ததும் நிறுத்தி, 'சம்பளம் எவ்வளவுன்னு எழுதலியே' என்றாளாம். அவள் அம்மா என்னிடம் வந்து சொன்னது இது. இப்போது அந்தப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பு. வகுப்பில் முதலாவது எல்லாம் இல்லை. ஆனால் மில்லில் இல்லை, பள்ளியில் இருக்கிறாள்.

இதை என் சாமர்த்தியமாகச் சொல்லவில்லை. எனக்கு அவள் மொழி தெரிந்தது, அவ்வளவுதான். அவள் ஏழு வருசம் உட்கார்ந்த வகுப்புகளில் அது தெரிந்த ஒருவரும் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தவரும் இல்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிறகு மாநிலம் முழுக்க வந்தது. அதில் ஒரு காரியம் எனக்குப் பெரிதாகப் பட்டது. வாத்தியார் பாயில், பிள்ளைக்குச் சமமாகத் தரையில் உட்கார வேண்டும். அம்பேத்கர் பள்ளியில் தனியாகச் சாக்கில் உட்கார வேண்டியிருந்தது, அந்தச் சாக்கையும் தினமும் வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டியிருந்தது. அந்த நாட்டில் இது சின்ன விசயமில்லை. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கும் திட்டம். வட்டார வள மையங்களில் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பெயரளவில் அவர்கள்தான் நம் எழுத்தறிவு வல்லுநர்கள். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பயிற்றுநர் சொன்னார், 'தோழர், பள்ளிக்குப் போனா புள்ளையப் பார்க்க நேரமில்லை, விவரம் ஏத்தவே பொழுது போயிடுது.' பிள்ளை அரும்பிலேயே நிற்கிறது என்று பதிவாகிறது. ஏன் நிற்கிறது என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

இப்போது முகம் மாறுகிறவர்களிடம் வருகிறேன். 'வீட்டில் தெலுங்கா, அப்ப நீங்க வந்தேறிதானே' என்று கேட்கிற தமிழர்கள் இருக்கிறார்கள். நம்ம மேடைகளிலேயே இருக்கிறார்கள். இந்த மண்ணில் தோல் பதனிட்டுச் செருப்புத் தைத்து, கமலைக்குப் பறி தைத்து, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சி, ஊர்ச் சாக்கடையை அள்ளி, இங்கேயே செத்துப் புதைந்த சனத்தைப் பார்த்து இப்படிக் கேட்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் எங்க பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வீட்டு மொழியை வாய்க்குள்ளேயே மென்று முழுங்குகின்றன. தொல்காப்பியம் திசைச்சொல்லையும் செய்யுளுக்குரிய சொல்லாகவே ஏற்றது. செய்யுளுக்கு ஆகிற பிற வட்டாரச் சொல் ஒன்றாம் வகுப்புக்கு ஆகாதா? வீட்டு மொழியைப் படிக்கட்டாக வைத்தால் பிள்ளை தமிழுக்குள் ஏறி வரும். நான் வந்திருக்கிறேன். படிக்கட்டை உடைத்தால் தமிழுக்கும் நட்டம்தான். தெலுங்கு பேசாத சேரிக்கும் இதே கதைதான். வடக்கே 'பயம்' என்று சொல்லும் பிள்ளை பழத்தைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறது. குழந்தையின் தாய்மொழியை இயன்றவரை பயிற்றுமொழியாக்கச் சொல்லும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு எங்க வளவுக்கும் சேர்த்துத்தானே?

இன்னொரு பக்கம், தனி ஆசிரியர் வைத்தால் நம் பிள்ளைகளைத் தனியே பிரித்து மறுபடியும் முத்திரை குத்துவார்கள் என்று தோழர்கள் சிலர் பயப்படுகிறார்கள். நியாயமான பயம். அதனால்தான் சொல்கிறேன், வல்லுநர் வகுப்புக்கு உள்ளேயே வரட்டும், பிள்ளையை வெளியே கூட்டிப் போக வேண்டாம். அவர் திருத்த வேண்டியது பிள்ளையை மட்டுமல்ல, சுவரில் தொங்கும் அட்டையையும் வாத்தியாரின் காதையும்தான்.

2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு அதைச் செல்லும் என்றது. தெருவில் இறங்கிப் போராடி வாங்கினது. அந்த இடத்தில் போய் உட்காரப் பிள்ளை பன்னிரண்டாவது முடிக்க வேண்டும். அதற்கு ஏழாவதில் டீசி வாங்காமல் இருக்க வேண்டும். அதற்கு மூன்றாவதிலேயே வாசிக்க வேண்டும். ஒதுக்கீட்டுக்காக ஊர்வலம் போன நாம், ஒன்றாம் வகுப்பு வாசலுக்கு ஒருநாளும் ஊர்வலம் போனதில்லை.

நம் கோரிக்கைகளை இப்படி வைக்கலாம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும், வளவுப் பிள்ளைகளும் இருளர், நரிக்குறவர் பிள்ளைகளும் படிக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளிலும் வாசிப்புக்கென்று ஓர் ஆசிரியர் வேண்டும். ஆயிரம் ரூபாய்த் தன்னார்வலராக இல்லாமல் நிரந்தரப் பணியிடத்தில். பிள்ளைகளின் வீட்டு மொழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெருவிளக்கடியில் சொல்லிக் கொடுத்த அந்த அக்காவைப் போன்றவர்களைப் பயிற்சி கொடுத்து எடுக்க வேண்டும். பதிவேற்றும் வேலை அவர் தலையில் விழக்கூடாது. எந்தப் பிள்ளையையும் மெல்லக் கற்பவர் என்று எழுதுவதற்கு முன்னால், அந்தப் பிள்ளையின் மொழியில் ஒரு கேள்வியாவது கேட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்த கிராம சபையில் எங்க ஊராட்சியில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறோம். உங்கள் ஊரிலும் கொண்டு வாருங்கள். தீர்மானத்தை நீங்கள் எழுதுங்கள், வாசிப்பதை அந்தப் பள்ளிப் பிள்ளை ஒன்றிடம் கொடுங்கள்.